ஆட்டத்துக்கு நாலு வரிசை

விளையாட்டு சீசன் ஒன்றைச் சட்டையாகப் பின்ன இறங்குகிறவருக்கு முதல் தலைவலி நூல் வாங்கும்போதே வந்துவிடும். ஒரு சட்டைக்கு வேண்டிய நூல் முழுவதும் ஒரே தொட்டியில் சாயம் தோய்ந்ததாக, கடைக்காரர் சொல்வதுபோல ஒரே டை லாட்டாக, ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். லாட் எண் மாறினால் ஒரே பெயர் போட்ட நீலமும் வேறு நீலமாகத்தான் இருக்கும். ஆனால் வெற்றிக்கு ஒரு நிறம், தோல்விக்கு ஒரு நிறம் என்று பின்னப் போகிறவர் எந்த நிறத்தில் எத்தனை பந்து எடுப்பார்? நூல் ஆகஸ்டில் வேண்டும். கணக்கு அடுத்த மே மாதம்தான் தெரியும்.

நான் போன சீசனைப் பார்த்து வாங்கினேன். 2014-15இல் லெஸ்டர் சிட்டி உதைபந்துக் கழகம் 38 ஆட்டங்களில் 11 வென்று, 8 சமநிலையில் முடித்து, 19 தோற்று, 41 புள்ளிகளோடு பதினாலாவது இடத்தில் வந்திருந்தது. கிறிஸ்மஸ் நேரம் அட்டவணையில் கடைசி இடம். ஆகவே நீலம் 11 ஆட்டத்துக்கு, வெள்ளை 8க்கு, சிவப்பு 19க்கு. 2015 கோடையில் பந்தயக் கடைகள், லெஸ்டர் லீக்கை வென்றால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாக எழுதிப் போட்டிருந்தன. நூல் விஷயத்தில் நானும் பந்தயக் கடைக்காரரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருந்தோம்.

லெஸ்டரின் 2015-16 சீசனைக் கார்டிகனாகப் பின்னித் தரக் கேட்டவர் நான் முன்பு வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். லெஸ்டரில் உதைபந்தாட்டத்தை விடப் பின்னல் மூத்தது. காலுறை பின்னும் சட்டகத்தை 1589இல் வில்லியம் லீ என்ற பாதிரியார் செய்தார் என்பார்கள். அவர் ஊர் கல்வர்ட்டன், நொட்டிங்ஹாமுக்குப் பக்கம். அதன்பிறகு இந்தப் பகுதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு அந்தச் சட்டகம் ஏறியது. விக்ஸ்டனில் அப்படியொரு வீட்டையும் பட்டறையையும் இன்றைக்கும் அருங்காட்சியகமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1815இல் தொடங்கிய கோரா கம்பெனியின் செயின்ட் மார்கரெட் ஆலையில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். உதைபந்துக் கழகம் ‘லெஸ்டர் ஃபொஸ்’ என்ற பெயரில் தொடங்கியது 1884இல்தான்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது அந்தத் தொழில் இறங்குமுகத்தில் இருந்தது. ஆனாலும் வேலை கிடைத்தது. எனக்குத் தந்தது லிங்க்கிங் மெஷின். வட்டமான சில்லில் நெருக்கமாக ஊசிமுனைகள் நிற்கும். கழுத்துப் பட்டியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒவ்வொரு முனையில் ஏற்றி, உடம்புத் துண்டோடு இணைக்க வேண்டும். ஒரு கண்ணி தவறினால் அந்த இடத்தில் சட்டை பிரியும். இருபக்கமும் குஜராத்திப் பெண்கள். அவர்கள் வாய் பேசிக்கொண்டே இருக்கும், விரல் கண்ணியை விடாது. பெரிய கடைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து துணி எடுக்கத் தொடங்கிய 1990களின் கடைசியில் எங்கள் ஆலையும் மூடியது. அதன்பிறகுதான் கைப்பின்னலைத் தொழிலாக எடுத்தேன். மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லித் தந்த நிட், பர்ல் இரண்டும் கையில் இருந்தன. மிச்சத்தை ஆலை சொல்லித் தந்திருந்தது.

மெக்கானிக் எல்லாரையும் கூப்பிடுவதுபோல என்னையும் ‘மீ டக்’ என்றுதான் கூப்பிடுவார். லெஸ்டர்க்காரர் வழக்கம் அது. கட்டம் போட்ட தாளில் படம் கீறிக் கொண்டு வந்திருந்தார். மெஷின் ஆள் அல்லவா, அளவு எல்லாம் துல்லியம். அவர் திட்டம் இது: அடித்த கோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீல வரிசை, வாங்கிய கோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு வரிசை. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் முடியாது என்றேன்.

காரணம் இரண்டு. கார்டிகன் முன்பக்கம் திறந்திருக்கிற சட்டை. போய்த் திரும்பிப் போய்த் திரும்பித்தான் பின்ன வேண்டும். இரட்டைப்படை வரிசையில் நிறம் மாற்றினால் பழைய நூல் தொடங்கிய ஓரத்திலேயே வந்து நிற்கும், அடுத்த தடவை அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படையில் மாற்றினால் நூல் எதிர் ஓரத்தில் தனியாகக் கிடக்கும். மூன்றுக்கு இரண்டு, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வருகிற விளையாட்டில் பாதி இடத்தில் நூல் அப்படித்தான் கிடக்கும். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் முடிந்த ஆட்டத்துக்கு என்ன பின்னுவது? ஒரு வரிசையும் கிடையாது. நடந்த ஆட்டம் சட்டையில் இல்லாமல் போய்விடும்.

அதனால் ஆட்டத்துக்கு நாலு வரிசை என்று முடிவாயிற்று. கோல் எத்தனை என்றாலும் நாலுதான். என் கைக்கு, 4 மில்லிமீட்டர் ஊசியில், டபுள் நிட்டிங் நூலில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 28 வரிசை வரும். 38 ஆட்டம் என்றால் 152 வரிசை, ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். கீழே 6 சென்டிமீட்டர் ரிப் சேர்த்தால் அறுபது. உயரமான ஆளுக்கு அளந்து வைத்ததுபோன்ற நீளம். இந்தக் கணக்கு இப்படிப் பொருந்தியதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. இங்கிலாந்து லீக்கில் 20 அணிகள் இருப்பதும் ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை ஆடுவதும் செய்த உபகாரம்.

கோல் கணக்கு இல்லாவிட்டால் ஆட்டம் எப்படி ஆட்டமாகும் என்று அவர் விடவில்லை. அதற்கும் ஒரு வழி இருந்தது. நாலில் மூன்றாவது வரிசையில், பொத்தான் பட்டிக்குப் பக்கத்தில், நிட் போட வேண்டிய இடத்தில் பர்ல் போட்டால் சின்ன மணிபோல ஒரு புடைப்பு எழும்பும். அவருடைய இடப்பக்கத்தில் லெஸ்டர் அடித்த கோலுக்கு ஒரு மணி, வலப்பக்கத்தில் எதிரணி அடித்த கோலுக்கு ஒரு மணி. நிறம் மாறாது; தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் கணக்கு வரும். அதைக் கேட்டதும் கட்டத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நிறத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெற்றி எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் போட்டால், தொடர்ந்து வென்றால் சட்டை கோடு இழந்து வெறும் நீலப் பாயாகிவிடும். அதனால் சொந்த மைதானத்து வெற்றிக்கு லெஸ்டரின் பளிச்சென்ற நீலம், வெளியூர் வெற்றிக்குக் கருநீலம். சமநிலைக்குக் கிரீம் வெள்ளை, தோல்விக்குச் சிவப்பு. ரிப், கழுத்து, பொத்தான் பட்டி எல்லாம் கரிச்சாம்பல்.

சிவப்பும் கிரீமும் ஒரே சட்டையில் என்றால் எந்தப் பின்னற்காரிக்கும் வயிற்றைக் கலக்கும். சிவப்புச் சாயம் இறங்கினால் பக்கத்து வெள்ளை ரோஸ் நிறமாகிவிடும். சின்ன மாதிரித் துண்டு ஒன்று பின்னி, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்போடு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி அழுத்திப் பார்ப்பேன். துணியில் கறை ஏறினால் அந்த நூல் எனக்கு வேண்டாம். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். சூடு காட்டாமல் வினிகர் மட்டும் ஒன்றையும் நிறுத்தாது. வீட்டில் சாலட் வாசனைதான் மிஞ்சும்.

நான் பின்னத் தொடங்கியது சீசன் தொடங்குமுன்னரே, கைகளில். அது ஏன் என்று சொன்னால் ஆட்டம் தெரிந்தவர்களும் சிரிப்பார்கள். கோடு போட்ட சட்டையில் அக்குளில் கைக்கோடும் உடம்புக்கோடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கடையில் மலிவாகக் கிடக்கிற சட்டையின் லட்சணம் வந்துவிடும். உடம்பில் ரிப்புக்கு மேலே அக்குள் வரைக்கும் 22 ஆட்டம். ஆனால் மணிக்கட்டிலிருந்து அக்குளுக்கு உள்ள நீளம், உடம்பின் அடியிலிருந்து அக்குளுக்கு உள்ளதை விட அதிகம். எல்லா மனிதருக்கும் அப்படித்தான். அந்த மிச்சத்தை எதைக்கொண்டு நிரப்புவது? ஆகஸ்டுக்கு முன்னால் ஆட்டமே கிடையாது.

முன்னால் இருந்தது போன சீசன். அதன் கடைசி 9 ஆட்டங்களை லெஸ்டர்க்காரர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 2015 மார்ச் 26இல், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கண்டெடுத்த மூன்றாம் ரிச்சர்ட் அரசனின் எலும்புகளை லெஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஏப்ரல் 4இல் வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றார்கள். அதன்பின் வெஸ்ட் ப்ரொம், சுவான்சி, பேர்ன்லி, செல்சியிடம் மட்டும் 3-1 தோல்வி, பிறகு நியூகாசில், சவுத்ஹாம்டன் வெற்றிகள், சண்டர்லாண்டில் கோலில்லாச் சமநிலை, அதோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் பிழைப்பு உறுதி, கடைசியில் கியூ.பி.ஆரை 5-1. ஒன்பதில் ஏழு வெற்றி. அரசனை ஒழுங்காக அடக்கியதால் வந்த ஆசி என்று சொல்லாத ஆள் கடைத்தெருவில் இல்லை. ஒன்பது ஆட்டம் 36 வரிசை, 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கைக்கு வேண்டிய மிச்ச நீளமும் அவ்வளவுதான்.

அப்படி அவர் மணிக்கட்டில் போன வருடத்துத் தப்பிப்பு ஏறியது. இரண்டு கையையும் ஒரே நீள ஊசியில், இரண்டு பந்து வைத்து, சேர்த்தே பின்னுவேன். தனித்தனியாகப் பின்னினால் ஒரு கை இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் வரும். ரிப்பில் 52 கண்ணி. பிறகு ஆறு வரிசைக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டி, அக்குளில் 92.

உடம்பு ஒரே துண்டு, 242 கண்ணி. ஓர் ஆட்டத்துக்கு 968 கண்ணி, நூல் 7 கிராம் அளவில். தொலைக்காட்சியில் மறுஒளிபரப்புப் பார்த்தபடி பின்னினால் இடைவேளைக்குள் நாலு வரிசையும் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 8இல் சண்டர்லாண்டை 4-2. அடுத்தது வெஸ்ட் ஹாமில் 2-1. பிறகு இரண்டு சமநிலை, எட்டு வரிசை கிரீம். ஐந்தாவது ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லா இரண்டு கோல் முன்னால் இருந்து 3-2 தோற்றது. ஸ்டோக்கிலும் சவுத்ஹாம்டனிலும் இரண்டு கோல் பின்தங்கி 2-2 என்று மீண்டார்கள். இவை எல்லாம் சட்டையில் தெரியாது, வெள்ளை வெள்ளைதான். முதல் சிவப்பு ஏழாவது ஆட்டம், ஆர்சனல், 5-2. இடுப்பெலும்பு உயரத்தில் விழுந்தது. வலப்பக்கத்தில் ஒரே வரிசையில் ஐந்து மணி இருப்பது கார்டிகனில் அந்த ஓரிடத்தில்தான். பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 1-0 வென்றபோதுதான் வலப்பக்கம் முதன்முறையாக வழுவழுவென்று வந்தது. கோல் விடாமல் ஆடினால் பீட்சா வாங்கித் தருவதாகப் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி சொல்லியிருந்தார். வாங்கியும் கொடுத்தார், மாவைப் பிசைவது மட்டும் ஆட்டக்காரர் வேலை என்ற நிபந்தனையோடு.

நாலாவது கோட்டிலிருந்து பதினாலாவது வரைக்கும் ஜேமி வார்டியின் கோடுகள். தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்து, நவம்பர் 28இல் மன்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராக ரூட் வான் நிஸ்டல்ரூயின் 10 ஆட்டச் சாதனையைத் தாண்டினார். வார்டிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கீழ்மட்டக் கழகங்களில் ஆடிய காலத்தில் அவர் எலும்பு முறிவுக்குக் கட்டுகிற பட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த 11 ஆட்டத்துக்கும் தனி அடையாளம் வேண்டுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். வேண்டாம், ஆளுக்கு ஆள் அடையாளம் வைக்கத் தொடங்கினால் கொலர் வரைக்கும் எழுத்தாகிவிடும் என்றார். சரியான தீர்ப்பு.

டிசம்பர் 19இல் எவர்ட்டனை 3-2 வென்றார்கள். அது பதினேழாவது ஆட்டம், பதினோராவது வெற்றி. போன சீசன் முழுவதும் சேர்த்து வென்றதை லெஸ்டர் கிறிஸ்மஸுக்கு முன்னமே வென்றுவிட்டது. என் கூடையில் நீலம் முடிந்தது. சிவப்பில் 19 ஆட்டத்துக்கான நூல், ஒன்றே ஒன்று மட்டும் பின்னப்பட்டு, அப்படியே கிடந்தது.

கடையில் அதே நீலம் இருந்தது, லாட் வேறு. பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தால் புதியது ஒரு சாயல் பச்சைப்பக்கம் சாய்ந்தது. இதற்குப் பழைய வழி, இரண்டு லாட்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிக் கலப்பது. ஆனால் கலக்கப் பழையது மிச்சம் வேண்டுமே. வேறொரு உண்மையை நம்பினேன்: இரண்டு சாயல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் கண் வித்தியாசத்தைப் பிடிக்கும், நடுவில் வேறு நிறம் வந்தால் விட்டுவிடும். டிசம்பர் 26இல் லிவர்பூல் அதைச் செய்து கொடுத்தது, 1-0, இரண்டாவது சிவப்பு. அடுத்து மன்செஸ்டர் சிட்டியோடும் போன்மத்தோடும் அடுத்தடுத்து கோலில்லாச் சமநிலை. எட்டு வரிசை கிரீம், இருபக்கமும் ஒரு மணிகூட இல்லை. ஊர் முழுவதும் ‘இனி இறங்குமுகம்தான்’ என்று பேசிக்கொண்ட வாரத்தில், நான் ஒருத்தி அந்த இரண்டு பூஜ்யங்களுக்காகவும் சந்தோஷப்பட்டேன்.

ஜனவரி 13இல் டொட்டன்ஹாமில் ரொபர்ட் ஹூத் கடைசி நேரத்தில் தலையால் அடித்த கோலில் வெற்றி. புதிய கருநீலம் அங்கேதான் தொடங்குகிறது. புதிய பளிச் நீலம் தொடங்குவது 23ஆவது ஆட்டத்தில், ஸ்டோக், 3-0. அக்குளுக்கு உடம்பைப் பிரித்து முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று என்று தனித்தனியாகப் பின்னத் தொடங்குகிற வரிசையும் அதுதான். லாட் மாறிய இடம் கையின் கீழே ஒளிந்துகொண்டது. கைத்துண்டிலும் அதே இடம்.

அந்த ஸ்டோக்கும் அடுத்த லிவர்பூலும் இரண்டும் சொந்த மைதானத்து வெற்றி. ஒரே நீலத்தில் எட்டு வரிசை சேர்ந்து வருவது உடம்பில் இந்த ஓரிடத்தில் மட்டும். மணியைத் தடவினால்தான் ஓர் ஆட்டம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். பெப்ரவரி 14இல் மறுபடி ஆர்சனல், 2-1, மூன்றாவதும் கடைசியுமான சிவப்பு. இடுப்பு, விலா, நெஞ்சு என்று மூன்று இடம். சிவப்பைத் தோல்விக்கு வைத்தது வழக்கத்தையொட்டி; ஆனால் அந்த சீசனில் லெஸ்டரைத் தோற்கடித்த இரண்டு கழகங்களுமே சிவப்புச் சட்டைக்காரர்கள். நான் யோசித்துச் செய்ததாக மெக்கானிக் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் மறுப்பதில்லை.

மார்ச் மாதத்தை நினைத்தால் இப்போதும் கை துருதுருக்கும். வொட்ஃபோர்ட் 1-0, நியூகாசில் 1-0, கிரிஸ்டல் பேலஸ் 1-0, ஏப்ரல் 3இல் சவுத்ஹாம்டன் 1-0. அதன்பின் சண்டர்லாண்ட் 2-0. ஐந்து தொடர் வெற்றி, ஒரு கோல்கூட விடவில்லை. வெளியூர், உள்ளூர், வெளியூர், உள்ளூர், வெளியூர் என்று ஆட்டங்கள் மாறி மாறி விழுந்தன. கருநீலம், நீலம், கருநீலம், நீலம், கருநீலம். ஒரே நீலம் போட்டிருந்தால் 20 வரிசை மொத்தையாகப் போயிருக்கும். நானே இருந்து வரைந்தாலும் இதைவிட ஒழுங்கான கோடு வராது. இடப்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒற்றை மணி, கடைசியில் இரண்டு.

ஆனால் கார்டிகனுக்கு ஒரு அநியாயம் உண்டு. உச்சத்துக்குப் போகப் போகத் துணி குறையும். சண்டர்லாண்ட் ஆட்டத்தில் முன்கழுத்தை வெட்டத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் முன்பக்கத்தில் தோளோரம் சுருங்குகிற துண்டுதான். வார்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஆட்டம் முடிகிற நேரத்தில் உயோவா பெனால்டி அடித்து வெஸ்ட் ஹாமோடு 2-2 ஆக்கிய ஆட்டமும், சுவான்சியை 4-0 என்று அடித்ததும் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டும். முதுகில் முழு அகலம் கிடைக்கும். அதைப் பார்ப்பது அவரல்ல, மைதானத்தில் அவருக்குப் பின்வரிசையில் இருப்பவர். முழுச் சட்டையையும் கழுத்திலிருந்து கீழே பின்னினால் மே மாதம் அகலமான இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றதற்குக் காரணம் நாற்காலி. பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார்ந்து எழும்புகிறவருடைய சட்டை முதலில் அடியில்தான் தேயும். தேய்வது ஆகஸ்டாக இருக்கட்டும்.

V கழுத்து வேண்டும் என்று அவர் கேட்டதையும் இதே காரணத்துக்காகத்தான் மறுத்தேன். V வைத்தால் அக்குள் மட்டத்திலேயே வெட்டு தொடங்கி, கடைசி 16 ஆட்டமும் முன்பக்கத்தில் சரிவுக்குப் பலியாகும். தோளுக்கும் சரிவு வைக்கவில்லை. வைத்தால் கடைசி ஆட்டம் கோணலாக விழும். நேர்த்தோள் கொஞ்சம் பழைய மோஸ்தர்தான், கைத்தலை கொஞ்சம் மடியும். பொறுத்துக்கொள்ளலாம்.

மே 2இல் வந்தது எதிர்பாராத சண்டை. முதல் நாள் மன்செஸ்டரில் 1-1. 36 ஆட்டம் முடிந்திருந்தது. மே 2 திங்கள் இரவு லெஸ்டர் ஆடவில்லை. டொட்டன்ஹாம் செல்சி மைதானத்தில் இடைவேளைக்கு 2-0 முன்னால். பிறகு கேஹில் ஒன்று, ஹசார்ட் ஒன்று, 2-2. அந்தச் சமநிலையால் லெஸ்டர் சம்பியன். வீதியெல்லாம் ஹோர்ன் சத்தம். அடுத்த நாள் காலையிலேயே மெக்கானிக் வாசலில். 36க்கும் 37க்கும் நடுவில் தங்க நிறத்தில் ஒரு வரிசை போட வேண்டுமாம்.

“போட முடியாது. அந்த ஆட்டத்தை லெஸ்டர் ஆடவில்லை” என்றேன்.

“சம்பியன் ஆனது அதில்தானே, மீ டக்!”

“இந்தச் சட்டையில் இருப்பது லெஸ்டர் ஆடியது மட்டும். செல்சி ஆட்டத்தைச் சேர்த்தால் 39 ஆகிவிடும். உங்கள் கட்டத் தாளில் 39 கிடையாது.”

மெஷின் ஆளிடம் எண்ணைக் காட்டினால் வாதம் நின்றுவிடும். ஆனாலும் முகம் வாடிவிட்டது. கடைசியில், முதுகுத் துண்டில், இடது தோளுக்குக் கீழே, 36க்கும் 37க்கும் இடையில், துணியின் உள்பக்கத்தில் மட்டும் மஞ்சள் நூலால் கண்ணியைத் தொட்டுத் தொட்டு ஓர் ஓட்டம் ஓட்டிக் கொடுத்தேன். வெளியே ஒரு இழைகூடத் தெரியாது. அவருக்கும் அது இருக்கிற இடம் தெரியும், எனக்கும் தெரியும். கணக்கில் அது வராது.

மே 7இல் எவர்ட்டனை 3-1 வென்று கிண்ணம் தூக்கினார்கள். மே 15இல் செல்சியில் 1-1. தோள் கிரீமில் முடிந்தது. 23 வெற்றி, 12 சமநிலை, 3 தோல்வி, 81 புள்ளி. இடப்பக்க மணிகளை எண்ணினேன், 68. வலப்பக்கம் 36. இரண்டும் பத்திரிகைக் கணக்கோடு ஒத்து வந்தன.

இனி உள்ள வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சொல்லவும் சுவையில்லை. இரண்டு ஆட்டத்துக்குள் திரும்ப வருகிற நிறத்தை ஓரத்திலேயே ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அதற்கு மேல் இடைவெளி என்றால் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய நூல்முனை ஒவ்வொன்றையும் மழுங்கிய ஊசியால் அதே நிறக் கோட்டுக்குள் செருகி மறைக்க வேண்டும். தோள் இரண்டையும் மூன்று ஊசி வைத்துச் சேர்த்தேன். கைத்தலை அக்குளிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான் உடம்புக்கோட்டோடு பொருந்தும், மேலே போகப் போக விலகும். அதைப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். கழுத்துப் பட்டியைப் பழைய பழக்கத்தில் கண்ணிக்குக் கண்ணி சேர்த்தேன், மெஷின் இல்லாமல். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, துவாயில் சுருட்டிப் பிழிந்து, தரையில் விரித்து அளவுக்கு இழுத்து ஊசி குத்திக் காயவிட்டேன். நனைந்த கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் முழங்காலுக்கு வந்துவிடும். சிவப்பு இறங்கவில்லை.

அதைப் பார்த்துவிட்டு வேறு பலர் கேட்டு வந்தார்கள். இந்த வகைப் பின்னல் எனக்குச் சொந்தமானதல்ல. மியூனிக் பக்கத்தில் ஒரு பெண்மணி 2018 முழுவதும் தன் ரயில் எவ்வளவு தாமதம் என்பதை நாளுக்கு இரண்டு வரிசையாகச் சால்வையில் பின்னி, அது ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது. வெயில், மழையைப் போர்வையாகப் பின்னுகிறவர்களும் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் உதைபந்துக்காரர்கள். எல்லாருக்கும் வேண்டியது தங்கள் கழகம் வென்ற ஆண்டு. நான் சொல்வது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. வென்ற ஆண்டு பின்னுவதற்குச் சுமாரான ஆண்டு. வீட்டுக்கும் வெளியூருக்கும் இரண்டு நீலம் என்று பிரித்திராவிட்டால் லெஸ்டரின் 2015-16 பார்க்கச் சப்பென்றிருக்கும். அதே சீசனில் ஆஸ்டன் வில்லா 3 வெற்றி, 8 சமநிலை, 27 தோல்வி. அதுவும் மொத்தை, நிறம்தான் வேறு. அந்த ஆண்டில் கோட்டுக்குப் பிறந்த கழகம் முந்தின ஆண்டின் சம்பியனான செல்சி: 12 வெற்றி, 14 சமநிலை, 12 தோல்வி, பத்தாவது இடம். மூன்று நிறமும் கிட்டத்தட்டச் சம பங்கு, நூலும் ஒன்றும் வீணாகாது. கூலியில் குறைத்துத் தருகிறேன் என்று கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். செல்சிக்காரர் ஒருவரும் அந்த ஆண்டைக் கேட்டு வந்ததில்லை.